இரண்டாவது கரண்டி

வியாழக்கிழமை காலை ஆறு இருபதுக்கு என் மகளின் இடது கால் செருப்பு வாசலில் கழன்று விழுந்தது. அது அவளுக்குத் தெரியவில்லை. கேட்டுக்கு வெளியே பால் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு, ஒரு காலில் மட்டும் செருப்போடு திரும்பி நடந்து வந்தாள். ஆறரைக்கு என் கம்பெனி பஸ் சத்தி ரோட்டுக்கு வரும். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்ததால்தான் நேரம் இவ்வளவு சரியாக மனதில் நிற்கிறது.

"செருப்பு எங்க கண்ணு?" என்று கேட்டேன்.

குனிந்து பார்த்துச் சிரித்தாள். "கால் கொஞ்சம் மரமரன்னு இருக்குதுங்ப்பா. பரவாயில்லீங்."

நானும் பஸ் ஏறிப் போய்விட்டேன்.

யாழினிக்கு இருபது வயது. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. நான் ஒரு பம்ப்செட் கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். ஓடுகிற மோட்டாரின் பக்கத்தில் நின்று காதால் கேட்டே பேரிங் தேய்ந்திருப்பதைச் சொல்லிவிடுவேன் என்று அங்கே எனக்கொரு பெயர் உண்டு. அந்தப் பெயரை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

அன்று மாலை தெருமுனை கிளினிக்குக்குப் போனோம். டாக்டர் கேட்டதற்கெல்லாம் மகள் பதில் சொன்னாள். நடக்க முடிகிறதா? பரவாயில்லீங்க. கையில் பலம் இருக்கிறதா? இருக்குதுங்க. இரண்டு வாரம் முன்பு அவளுக்கு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வந்து போயிருந்தது. அதை நானும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. முடிந்துபோன விஷயம், வெளியே பத்துப் பேர் காத்திருக்கிறார்கள், அவர் நேரத்தை எதற்கு எடுப்பது என்று இருந்துவிட்டோம். அவர் சத்து மாத்திரை எழுதினார். கூடினால் உடனே வரச் சொன்னார். அவர்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. நாங்கள் சொன்ன நோய்க்கு அவர் சரியான மருந்தைத்தான் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலை குளியலறையில் உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. அவள் கூப்பிடவில்லை. அரை மணி கழித்து சாந்தி, என் மனைவி, கதவைத் தட்டியபோதுதான் தெரிந்தது. இரண்டு பேரும் சேர்ந்து தூக்கினோம்.

"ஏங் கண்ணு கூப்பிடலை?" என்றேன்.

"நீங்க சாப்புட்டுட்டு இருந்தீங்ப்பா."

கோயம்புத்தூரில் ஒரு பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். நரம்பியல் டாக்டர் ஒரு பெண்மணி. ரப்பர் வைத்த சின்னச் சுத்தியலால் யாழினியின் முழங்காலில் தட்டினார். சாதாரணமாகக் கால் துள்ள வேண்டும். அது அசையவில்லை. மறுபடி தட்டினார். கணுக்காலில், முழங்கையில். சத்தம் மட்டும் கேட்டது. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த சாந்தி என் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள்.

நோயின் பெயர் கில்லன் பாரே. டாக்டர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். நரம்பு ஒரு வயர் மாதிரி. அதன்மேல் ஓர் உறை இருக்கிறது. வயிற்றுக்கு வந்த கிருமியை விரட்டக் கிளம்பிய உடம்பின் எதிர்ப்புச் சக்தி, வேலை முடிந்த பிறகும் நிற்காமல், அந்த உறையையே எதிரி என்று எண்ணி உரிக்க ஆரம்பித்துவிடுகிறது. காயிலில் இன்சுலேஷன் போனால் மோட்டார் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். கேட்டவுடன் புரிந்தது. புரிந்ததுதான் கஷ்டமாக இருந்தது.

"பெரும்பாலும் திரும்பி வந்துருவாங்க," என்றார் டாக்டர். "ஆனா இது பாதத்துல ஆரம்பிச்சு மேல ஏறும். நெஞ்சு வரைக்கும் ஏறினா மூச்சு விடற தசை நின்னுரும். அது எப்போன்னு நமக்கு முன்னாடியே தெரியணும். அதுதான் முக்கியம்."

முதுகுத் தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். கைகால்களில் சின்னச் சின்ன மின்சார அதிர்ச்சி கொடுத்து, நரம்பில் செய்தி எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்த்தார்கள். ஒவ்வொரு அதிர்ச்சிக்கும் அவள் உடம்பு தூக்கிப் போட்டது. "வலிக்குதா?" என்று சோதனை செய்த டெக்னீஷியன் பையன் கேட்டதற்கு அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று எழுதத் தேவையில்லை.

மருந்து இம்யூனோகுளோபுலின். ஐந்து நாட்கள், கண்ணாடிப் புட்டிகளில், சொட்டுச் சொட்டாக. பல ஆயிரம் பேர் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்துச் சேர்த்த மருந்து என்று ஜெசிந்தா சிஸ்டர் சொன்னார். வால்பாறைக்காரர், எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர். முதல் புட்டியை மாட்டும்போது நான் எழுந்து நின்றுவிட்டேன். "உக்காருங்க சார், தேசிய கீதமா பாடறோம்?" என்றார். யார் யாரோ எங்கெங்கோ கையை நீட்டிக் கொடுத்தது. அதன்முன் உட்கார்ந்திருக்க எனக்கு வரவில்லை.

செலவைப் பற்றி ஒரு வரி போதும். கம்பெனி இன்சூரன்ஸ் கொஞ்சம் தாங்கியது. மீதிக்கு சாந்தியின் நகைகள் வங்கிக்குப் போயின. போய் வைத்துவிட்டு வந்தபிறகுதான் அவள் எனக்குச் சொன்னாள்.

மூச்சைக் கண்காணிக்க ஓர் எளிய சோதனை உண்டு. மூச்சை நன்றாக இழுத்து, நடுவில் விடாமல், ஒன்று இரண்டு என்று சத்தமாக எண்ண வேண்டும். எத்தனை வரை போகிறது என்று குறித்துக்கொள்வார்கள். வெள்ளி மாலை முப்பத்திரண்டு. சனி காலை இருபத்தாறு. சனி மதியம் டாக்டர் சுற்றில் வந்தார், கூட ஏழெட்டுப் பேர். யாழினி எண்ணினாள். இருபத்து நான்கு.

"குட். நிக்குது," என்று எழுதிவிட்டு அடுத்த படுக்கைக்கு நகர்ந்தார்.

ஆனால் பதின்மூன்றுக்கும் பதினான்குக்கும் நடுவில் நான் ஒன்றைக் கேட்டேன். மிகச் சின்னதாக ஒரு பிசிறு. திருட்டுத்தனமாக ஒரு வாய் மூச்சை இழுத்துக்கொண்டுதான் அவள் மேலே எண்ணினாள். தேய்ந்த பேரிங்கின் சத்தத்தைப் போல அது என் காதில் விழுந்தது. நான் வாயைத் திறந்தேன். டாக்டரின் முதுகு தெரிந்தது. கூட அவ்வளவு பேர் நடந்துகொண்டிருந்தார்கள். பெரிய டாக்டரை வழியில் நிறுத்திக் கூப்பிடுவது மரியாதையாகப் படவில்லை. அடுத்த தடவை வரும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று வாயை மூடிக்கொண்டேன்.

அரை மணி கழித்து ஜெசிந்தா சிஸ்டர் தலையணையைச் சரிசெய்ய வந்தார். "தலையைத் தூக்கும்மா," என்றார். யாழினியால் தலையைத் தூக்க முடியவில்லை. "எண்ணு," என்றார். ஒன்பதோடு நின்றது. அதன்பிறகு அந்த அறையில் எல்லாரும் ஓடினார்கள். மதியம் இரண்டு நாற்பது. தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவு மூடியபோது நான் வெளியில் நின்றேன். கையில் அவளுடைய ஹவாய்ச் செருப்பு இருந்தது. அதை ஏன் எடுத்துக்கொண்டு ஓடினேன் என்று தெரியவில்லை.

தொண்டைக்குள் குழாய் விட்டு செயற்கை சுவாசக் கருவியில் வைத்தார்கள். டாக்டர் வெளியே வந்ததும் அந்தப் பிசிறைப் பற்றிச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"குழாய் எப்படியும் தேவைப்பட்டிருக்கும் சார். அரை மணி முன்னாடி தெரிஞ்சிருந்தா நிதானமாப் போட்டிருப்போம். இப்ப ஓடிப்போய்ப் போட்டோம். வித்தியாசம் அவ்வளவுதான்." கையுறையைக் கழற்றினார். "சில பேர் அந்த வித்தியாசத்துலயே போயிருவாங்க."

ஜெசிந்தா சிஸ்டர்தான் திட்டினார். "ஏன் சார், உங்க ஊர்ல எல்லாருமே இப்படித்தானா? மூச்சு நிக்கற வரைக்கும் 'பரவாயில்லீங்க'ன்னுதான் சொல்லுவீங்களா? நான் சாப்பிடாம நிக்கறேனாம், எண்ணிப் பாக்க என்னை இன்னொரு தடவை நடக்க வைக்கக் கூடாதுன்னு புள்ள கள்ள மூச்சு இழுத்திருக்கு. குழாய் போடறதுக்கு முன்னாடி அதுவே சொல்லுச்சு. இப்பக் கேட்டா கண்ணுல தண்ணி விடுது."

இதை யாழினிக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் என் அம்மா.

அப்பா இறந்தபோது எனக்கு எட்டு வயது. அன்னூருக்குப் பக்கத்தில் ஒரு தறிக்குடோனில் அம்மா தார் சுற்றும் வேலைக்கு, தறிக்கான நூலைக் குச்சியில் சுற்றிக் கொடுக்கப் போனாள். பள்ளிக்கூடம் இருக்கும் நாட்களில் மதியச் சோறு உண்டு. எனக்குப் பயமெல்லாம் லீவு நாட்கள்தான். மே மாதம் முழுக்கப் பயம். அந்த வருடம் குடோன்காரர் வீட்டுக்கு மருமகளாக வந்தவர் ராமாத்தாள். இருபது வயது இருக்கும். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். குடோன் மூலையில் நூல்கண்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த என்னை ஒருநாள் கூப்பிட்டுச் சமையலறையில் உட்காரவைத்துச் சோறு போட்டார். அப்புறம் லீவு நாள் ஒவ்வொன்றிலும் போட்டார்.

அம்மா எனக்கு ஒரு பாடம் சொல்லி அனுப்புவாள். "ரெண்டாந்தரம் கேட்டா போதுங்கன்னு சொல்லோணும் சாமி. வயிறு நெறஞ்சுபோச்சுங்கன்னு சொல்லோணும். இல்லாட்டி இதென்ன இப்படித் திங்குதுன்னு நாளைக்குக் கூப்பிட மாட்டாங்."

நான் முதல் கரண்டியிலேயே சொல்லிவிடுவேன். இலையின் மேல் இரண்டு கையையும் விரித்து மறைப்பேன். ராமாத்தாள் அக்கா எனக்கு முன்னால் நின்று கேட்க மாட்டார். முதுகுப் பக்கமாக வருவார். என் முகத்தைப் பார்க்காமல், தோளுக்கு மேலாகக் கை மட்டும் வரும். கண்ணாடி வளையல் சத்தம் கேட்கும். விரல் சந்து வழியாகச் சோறு விழும். "போதுங்க்கா, போதுங்க்கா" என்றால், "எனக்குக் காது மந்தங் கண்ணு" என்பார். அப்படி ஒன்பது வருடம்.

எனக்குச் சாமி நம்பிக்கை வந்தது கோயிலில் அல்ல. முதுகுப் பக்கமாக வந்த அந்தக் கையிலிருந்து வந்தது. கேட்காமல் கொடுக்க ஒருவர் பின்னால் இருக்கிறார் என்று நம்பியே வளர்ந்தேன். அதனால் கேட்கப் பழகவே இல்லை.

வேலைக்குப் போன முதல் வருடத்திலிருந்து ஒவ்வொரு தை மாதமும் ராமாத்தாள் அக்கா வீட்டுக்குச் சேலையும் பழமும் கொண்டு போவேன். வாங்கிக்கொண்டு, அதைவிடக் கனமாக ஒரு பையைக் கொடுத்தனுப்புவார். என் வீட்டுக்கும் வந்திருக்கிறார். கல்யாணத்துக்கு, வீடு குடிபுகுந்ததற்கு, யாழினி சடங்குக்கு. ஒரு தடவைகூடக் கை நனைத்ததில்லை. "இப்பத்தான் சாப்புட்டுட்டு வந்தனுங்" என்பார். அவர் சாதிக்கும் எங்கள் சாதிக்கும் உள்ள தூரம்தான் காரணமோ என்று எனக்குள் ஒரு சந்தேகம் உண்டு. சாந்தியிடம்கூட அதைச் சொன்னதில்லை. சந்தேகப்பட்டதற்காக என்மேலேயே கோபப்பட்டுக்கொள்வேன். ஆனாலும் அது போகவில்லை.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில், லிஃப்டுக்குப் பக்கத்தில், சுவரில் ஒரு மாடம் இருந்தது. பிள்ளையார், ஏசு, மெக்கா மூன்றும் ஒரே படத்தில். ஞாயிறு மதியம் அதன்முன் போய் நின்றேன். கும்பிட்டபோது மனதில் வந்த வார்த்தை இது: "உங்களுக்குச் சிரமமில்லீன்னா..."

அதோடு நின்றுவிட்டேன். பெற்ற பிள்ளையின் உயிரைக் கேட்க வந்த இடத்திலும் இலையைக் கையால் மறைத்துக்கொண்டு நிற்கிறேன். லிஃப்ட் வந்தது, ஆட்கள் இறங்கினார்கள். யார் பார்த்தால் என்ன என்று சத்தமாகவே சொன்னேன். "எனக்கு என்ற புள்ள வேணும். வேணும்." என் வாழ்நாளில் அந்த வார்த்தையை அவ்வளவு சத்தமாகச் சொன்னதில்லை.

காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம் உள்ளே விடுவார்கள். சாந்தி தன் பத்து நிமிடம் முழுவதும் மகளின் தலையை வாரிப் பின்னுவாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியாது. குழாய் இருப்பதால் யாழினியால் பேச முடியாது. ஒரு தடவை கண் சிமிட்டினால் ஆமாம், இரண்டு தடவை என்றால் இல்லை. ஜெசிந்தா சிஸ்டர் தன் வார்டு வேலை முடிந்ததும் இங்கே வந்து பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்.

"ஐ.சி.யூ.ல எல்லாரும் புலம்பறாங்க சார்," என்றார் நான்காம் நாள். "வலிக்குதா, இல்லை. குளிருதா, இல்லை. எதைக் கேட்டாலும் ரெண்டு தடவை சிமிட்டுது. எங்களுக்கு எப்படித் தெரியும்?"

அன்று மாலை அவள் காதுக்குப் பக்கத்தில் குனிந்தேன். "கண்ணு, அப்பன் உனக்குத் தப்பாச் சொல்லிக் குடுத்துப்போட்டேன். போதும், பரவாயில்லைங்கறதெல்லாம் இங்க வேண்டாம். இவங்களுக்குத் தொந்தரவு குடு. எனக்குக் குடு. கேளு." அவள் கண் என்னையே பார்த்தது. நான் ஒவ்வொன்றாகக் கேட்டேன். தலையணையா? இரண்டு சிமிட்டல். குளிரா? இரண்டு. கை வலியா? இரண்டு. காலா?

கண் மூடியது. திறந்தது. மறுபடி மூடவில்லை.

போர்வையை விலக்கிப் பார்த்தோம். இடது கால் கணுக்காலுக்குக் கீழே ஏதோ டியூபின் மூடி ஒன்று அழுத்திக்கொண்டிருந்தது. எத்தனை மணி நேரமாகவோ. தோல் சிவந்திருந்தது. எடுத்துவிட்டதும் அவள் கண்ணோரம் நீர் வழிந்தது. அன்றிலிருந்து, நாங்கள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, ஒரு சிமிட்டலில் அவள் கேட்க ஆரம்பித்தாள். தலையைத் திருப்பு, காலை நிமிர்த்து, விளக்கை அணை. ஐ.சி.யூ. ஆட்கள் இப்போது வேறு மாதிரி புலம்பினார்கள். அதைக் கேட்க எனக்கு நன்றாக இருந்தது.

ஆறாம் நாள் காலை என் போன் அடித்தது. ராமாத்தாள் அக்கா.

"ஏனுங் கண்ணு, தை முடியப் போகுது. இந்த வருசம் காணமே? மேலுக்கு ஏதாச்சும் முடியலையா?"

அவருக்கு நான் சொல்லியிருக்கவில்லை. அவர் கணவர் பக்கவாதத்தில் படுத்திருக்கிறார், அவரை எதற்குச் சிரமப்படுத்துவது என்று. "பரவாயில்லீங்க்கா, கொஞ்சம் வேலை..." என்று தொடங்கியவன் பாதியில் நிறுத்தினேன். எல்லாவற்றையும் சொன்னேன். செருப்பு, குளியலறை, கள்ள மூச்சு, நான் வாயை மூடிக்கொண்ட அரை மணி.

"நான் என்ன பண்ணோணும், சொல்லு," என்றார்.

"வாங்க்கா," என்றேன். "நீங்க வரோணும்." அவரிடம் நான் கேட்ட முதல் பொருள் அதுதான்.

"வாரேன்," என்றார். ஆனால் அன்று வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. ஒருவாரம் போயிற்று. கணவரைப் பார்த்துக்கொள்ள ஆள் அமையவில்லையாக இருக்கும். கேட்டிருக்கக் கூடாதோ என்று பழைய புத்தி தலைதூக்கியது.

பன்னிரண்டாம் நாள் குழாயை எடுத்தார்கள். மறுநாள் விழுங்க முடிகிறதா என்று சோதித்தார்கள். அதற்கு மறுநாள் வார்டுக்கு மாற்றினார்கள். யாழினியின் குரல் கரகரவென்று வேறு யாருடையதோ போல இருந்தது. எண்ணச் சொன்னார்கள். பத்தொன்பது. நான் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தேன். நடுவில் பிசிறில்லை.

வெள்ளிக்கிழமை மதியம். சாந்தி வீட்டிலிருந்து குழைய வடித்த ரசம் சோறு கொண்டு வந்திருந்தாள். கையில் இன்னும் பலம் வராததால் யாழினிக்கு நான் ஸ்பூனில் ஊட்டிக்கொண்டிருந்தேன். நாலு வாய் சாப்பிட்டதும், "போதுங்ப்பா" என்றாள். நான் அவளைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். "நெசமாவே போதுங்ப்பா," என்றாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னடா, ஆஸ்பத்திரின்னு பார்த்தா சினிமாக் கொட்டாயாட்டச் சிரிப்புச் சத்தம் கேக்குது?"

வாசலில் ராமாத்தாள் அக்கா நின்றிருந்தார். அன்னூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த களைப்பு முகத்தில். தலை பாதி நரைத்திருந்தது. கையில் எப்போதும் இருக்கும் பை இல்லை. முதல்முறையாக வெறுங்கையோடு வந்திருந்தார். நேராகக் கட்டிலுக்குப் போய் யாழினியின் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் விடவில்லை. பிறகு ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார்.

"காப்பி வாங்கியாரட்டுங்களாக்கா? இல்ல இப்பத்தான்..." என்று சாந்தி, வழக்கமான பதிலையும் தானே சேர்த்துக் கேட்டாள்.

"இல்ல அம்மணி. காலையில இருந்து ஒண்ணும் திங்கலை. பசிக்குது," என்றார் ராமாத்தாள் அக்கா. என் பக்கம் திரும்பினார். "ஒருக்கா உங்கம்மாளுக்குக் காச்சல்னு உங்கூட்டுக்கு வந்தேன். உங்களுக்கு இருந்ததே ஒரு சட்டிச் சோறு. அதை எடுத்து எனக்கு வெக்கறா. இப்பத்தான் சாப்புட்டேன்னு அன்னைக்குச் சொன்னேன். அதே வாயில பழகிப்போச்சு. இத்தனை வருசமா உங்கூட்ல பசியோடயே எந்திரிச்சுப் போயிருக்கேன், தெரியுமா? நீ போன்ல சொன்னயல்ல, அன்னைக்குப் பூராவும் எனக்குச் சோறு எறங்கலை. சோத்தைப் போடு."

வேறு தட்டு இல்லை. எனக்காக வைத்திருந்த டப்பாவின் மூடியைக் கழுவினேன். ஒரு கரண்டி ரசம் சோறு வைத்தேன். பக்கத்தில் ஒரு துண்டு ஊறுகாய். அவர் பிசைந்து வாயில் வைத்துக்கொண்டார். சாந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். யாழினி கண் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கரண்டியைக் கையில் வைத்தபடி நின்றேன். கேட்பதா, கேட்காமல் போடுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

மூடி காலியானது. ராமாத்தாள் அக்கா அதை என் பக்கம் நீட்டினார்.

"இன்னுங் கொஞ்சம் போடு கண்ணு," என்றார்.